அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி

எங்கள் பதிப்பகத்தில் ப்ரூஃப் பார்ப்பவரை எல்லோரும் கால்புள்ளி அக்கா என்றுதான் சொல்வோம். நேரில் ‘அக்கா’ மட்டும். கால்புள்ளியெல்லாம் அவர் அந்தப் பக்கம் போன பிறகு. பள்ளி வினாத்தாள் தொகுப்பு ஒன்றில் ஒரு கால்புள்ளி இடம் மாறிக் கேள்வியின் பொருளே புரண்டுவிட்டது என்று, ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவர் அவர். “ஒரு கால்புள்ளிக்கா நிறுத்தச் சொல்றீங்க?” என்று இயந்திரம் ஓட்டுபவர் கேட்டிருக்கிறார். “பரீட்சை எழுதற பிள்ளைக்கு அது ரெண்டு மார்க்கு” என்று சொல்லிவிட்டு, திருத்திய அச்சுத் தகடு வரும்வரை இயந்திரத்தின் முன்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். பெயர் அன்றைக்கு ஒட்டியது.

நான் அவருக்கு அடுத்த மேஜையில் பக்கம் வடிவமைப்பவன். எங்கள் இருவருக்கும் ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்துப் பணிமனை. நாள் முழுக்க யாராவது இரும்பைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சொல்லப்போகிற விஷயத்தில் நடந்த அநியாயத்தில் என் விரலுக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். குளிர்காலம் வந்தால் மூன்று பேர் உடம்பிலும் அக்கா பின்னிய ஸ்வெட்டர்தான். மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்த கையோடு ஊசியை எடுத்துவிடுவார். புது நூல் எதை வாங்கினாலும் முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் பின்னுவார். அதைத் துவைத்து, காயவைத்து, அப்புறம் அளவுகோலை வைத்து, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுந்திருக்கிறது என்று எண்ணுவார். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. எண்ணியதை ஓர் அட்டையில் எழுதி, சதுரத்தோடு சேர்த்துத் தைத்து, அலுவலகக் கோப்பில் போடுவதுபோல் போட்டு வைப்பார்.

“எதுக்குக்கா இந்த மெனக்கெடு? நேரா ஸ்வெட்டரையே ஆரம்பிக்க வேண்டியதுதானே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நீ எழுத்தோட அளவைக் கொஞ்சம் பெருசு பண்ணினா பக்கம் கூடுமா கூடாதா?”

“கூடும்.”

“எண்ணூறு பக்கப் புத்தகத்துல எத்தனை கூடும்?”

“நூறு கூடக் கூடும்.”

“அதேதான் தம்பி. கண்ணி ஒரு நூலளவு பெருசானா, மார்புச் சுத்தளவுல பத்து அங்குலம் கூடிடும். எல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்த்துட்டு அழறதைவிட, ஒரு சதுரம் பின்னிப் பார்க்கறது மேல்.”

போன வருடம் முதலாளியம்மா ஒரு பழைய புத்தகத்தை மறுபடி அச்சிட முடிவு செய்தார். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் பதிப்பகமே வெளியிட்ட பின்னல் புத்தகம். அறுபது வருடத்துக்கு முந்தியது. இருபத்திரண்டு ஸ்வெட்டர்களுக்கான குறிப்புகள், கறுப்பு வெள்ளைப் படங்களோடு. படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தலையைப் படிய வாரி, யாரோ மாடியிலிருந்து கூப்பிட்டதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்காவுக்கு அதைக் கண்டதும் வாயெல்லாம் பல். ப்ரூஃப் அவர் மேஜைக்குப் போவதற்கு முன்பே என் தோளுக்குப் பின்னால் நின்று திரையில் படித்தார்.

சிக்கல் நூலில் இருந்தது. அந்தக் குறிப்புகள் அத்தனையும் ஒரே ஓர் ஆலையின் மூன்று இழைக் கம்பளி நூலுக்காக எழுதப்பட்டவை. மெல்லிய நூல். அந்த ஆலை மூடி நாற்பது வருடமாகிறது. இன்றைக்கு அது எந்தக் கடையிலும் கிடையாது.

இதற்கு எங்கள் விற்பனை மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான்கு கடை வைத்திருக்கும் ஒரு நூல் வியாபாரியிடம் பேசினார். அவர் விற்கும் நூலின் பெயரைப் புத்தகத்தில் போடுவது. அவர் தன் கடைகளில் புத்தகத்தை வைத்து விற்பது. மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து ஒரு துண்டுத் தாளை வைத்தார்.

“பழைய நூல் பேர் எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் இந்தப் பேரை மாத்திடு.”

கணினியில் அது ஒரே தட்டு. ‘நூற்றுப் பதினான்கு இடங்களில் மாற்றப்பட்டது’ என்று திரையில் வந்தது. நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து ப்ரூஃப் கட்டு அக்காவிடமிருந்து வந்தது. முதல் பக்கத்தின் ஓரத்தில், சிவப்பு மையில்: ‘நூல் மாறினால் கண்ணிக் கணக்கு மாறும். பின்னிப் பார்க்காமல் அச்சிடக் கூடாது.’ மேலாளர் கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் அறைக்கு வந்தார்.

“மேடம், நீங்க எழுத்துப் பிழை பார்த்தா போதும்.”

“இதுதான் சார் பிழை. இதுல எல்லாக் குறிப்பும் அங்குலத்துக்கு எட்டுக் கண்ணின்னு இருக்கு. நீங்க போட்டிருக்கற நூல்ல எட்டு வராது.”

“அது மூணு இழை, இது நாலு இழை. ஒரு இழைதானே கூட?”

“இழையை எண்ணித் தடிமன் சொல்ல முடியாது சார். மெல்லிசா நூத்தும் நாலு இழை முறுக்கலாம், மொத்தமா நூத்தும் நாலு இழை முறுக்கலாம். அதுவும் இது கம்பளியே கிடையாது, செயற்கை இழை. எடை கம்மி. பழைய குறிப்புல சொன்ன எடைக்கு வாங்கினா மீட்டர் கணக்கு எங்கேயோ போயிடும்.”

“நூல் நூல்தான் மேடம்.”

“அப்படின்னா எழுத்தும் எழுத்துதான். நான் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கேன்?”

மேலாளர் சிரித்துவிட்டுப் போனார். ஒன்றே ஒன்றை விட்டுக்கொடுத்தார். பழைய புத்தகத்தில் ஊசியின் எண்கள் தலைகீழ். எண் கூடக் கூட ஊசி மெலியும். பத்தாம் எண் என்றால் மூன்றேகால் மில்லிமீட்டர். இன்றைக்குக் கடையில் போய்ப் பத்து என்று கேட்டால் விரல் தடிமனுக்கு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அந்த எண்களை மில்லிமீட்டருக்கு மாற்ற அனுமதித்தார். “அதான் ஒண்ணு விட்டுக்கொடுத்தேன்ல?” என்று அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ சொத்தைப் பிரித்துக் கொடுத்தவர் மாதிரி.

அக்கா விடவில்லை. அந்த நூலை வாங்கிவந்து, புத்தகம் சொன்ன ஊசியில் ஒரு சதுரம் பின்னினார். அங்குலத்துக்கு ஆறு கண்ணி. இன்னும் மெலிந்த ஊசியில் பின்னி எட்டுக்குக் கொண்டுவர முயன்றார். வந்தது, ஆனால் துணி அட்டை மாதிரி விறைத்து மேஜைமேல் தானாக நின்றது. பிறகு, முதல் குறிப்பில் இருந்த பெண்கள் ஸ்வெட்டரின் முதுகுப் பகுதியை மட்டும் அச்சில் இருந்தபடியே பின்னினார். ஒன்பது நாள். நூற்று முப்பத்தாறு கண்ணி. பதினேழு அங்குல அகலம் வரவேண்டிய முதுகு, ஏறக்குறைய இருபத்துமூன்று அங்குலம் வந்திருந்தது. நீளத்தை அங்குலத்திலேயே சொல்லியிருந்ததால் அது மட்டும் சரியாக இருந்தது. ஆகவே பார்ப்பதற்குக் குட்டையான தலையணை உறை போல இருந்தது. வீட்டில் கணவர் அதைத் தன் மார்பில் வைத்துப் பார்த்து, “இதைப் போட்டுக்கிட்டு பஸ் ஓட்டினா முன்சீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரை உள்ளேயே வெச்சுக்கலாம் போலிருக்கே” என்றாராம். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அதை எடுத்துவந்து மேலாளரின் மேஜையில் விரித்தார். தொலைபேசி, நாட்குறிப்பு, பேனா நிறுத்தி எல்லாம் அதற்கடியில் போய்விட்டன.

“இது முப்பத்துநாலு அங்குல உடம்புக்கு சார்.”

“சரி மேடம், இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க? இருபத்திரண்டையும் பின்னிப் பார்க்க ஒரு வருஷம் ஆகும்.”

“ஒரு வரி போதும். ‘இந்த அளவுகள் அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி விழும் மெல்லிய நூலுக்கானவை.’ அவ்வளவுதான். எந்த நூல்ல எட்டு வருதோ அதை ஜனங்களே தேடிக்குவாங்க.”

“அப்போ இந்த நூல் வேண்டாம்னு நாமே சொன்ன மாதிரி ஆயிடும். வியாபாரி கோவிச்சுக்குவார்.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“இதையெல்லாம் கேப்பாங்களா?” என்றவர், குரலைத் தாழ்த்தி, நல்லது சொல்பவர் போல, “மேடம், இந்தக் காலத்துல யாரு உட்கார்ந்து பின்றாங்க? படம் பார்க்க வாங்குவாங்க. அலமாரியில வைப்பாங்க” என்றார்.

கையில் பின்னிய துண்டை வைத்துக்கொண்டு எதிரில் நிற்கும் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னார். அக்காவின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். துண்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று முழுவதும் சிவப்புப் பேனாவைத் தாளில் அழுத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

புத்தகம் வந்தது. நன்றாகவே விற்றது. மேலாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அக்கா தன் பங்கை என் மேஜையில் வைத்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்து முதல் கடிதம் வந்தது. அப்புறம் நாளுக்கு ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டே இருந்தது. சிலர் புகைப்படமும் வைத்திருந்தார்கள். ஒரு படத்தில், திருமணமான புதுசுபோல் தெரிந்த ஒருவர், முழங்கைக்குக் கீழே தொங்கும் தோளோடு, மனைவிக்கு வருத்தம் வரக்கூடாதே என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் பின்னியதாக அந்த மனைவி எழுதியிருந்தாள். யாரும் திட்டவில்லை. அதுதான் அக்காவை இன்னும் படுத்தியது. எல்லோருமே ‘நான் எங்கே தப்பு செய்தேன்?’ என்றுதான் கேட்டிருந்தார்கள். மொத்தம் நாற்பத்துமூன்று கடிதம்.

மேலாளர் ஒரு பதில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அதில் இருந்தது இதுதான்: ‘தங்கள் பின்னல் தளர்வாக இருப்பதே இதற்குக் காரணம். கையை இறுக்கிப் பின்னப் பழகினால் சரியான அளவு கிடைக்கும். ஆசிரியர் குழு.’

அது பிழை திருத்த அக்காவிடம் போனது. அவர் எழுந்து நின்றே படித்தார்.

“யார் கை தளர்ந்திருக்குன்னு எழுதியிருக்கீங்க?” அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். “அவங்க கையை நீங்க பார்த்தீங்களா? நாற்பத்துமூணு பேருக்கும் ஒரே மாதிரி மூணுல ஒரு பங்கு கூடியிருக்கு. நாற்பத்துமூணு பேர் கையும் ஒரே அளவுக்கு எப்படித் தளரும்?”

“மேடம், இது ஒரு மரியாதையான பதில்.”

“பொய்க்கு மரியாதை என்ன சார்? நான் இதுல ஒரு ஒற்றுகூடத் திருத்த மாட்டேன்.”

தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார். மேலாளர் அதை என்னிடம் நீட்டினார். நான் நாற்பத்துமூன்று பிரதி எடுத்தேன். உறையில் போட்டேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். வீட்டில் கைக்குழந்தை, வேலை போய்விடுமோ என்று பயம், இப்படி ஆயிரம் சமாதானம் அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அதில் ஒன்றைக்கூட உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண்மணி அலுவலகத்துக்கே வந்தார். ஐம்பது வயது இருக்கும். மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை என்றார். தோளில் ஒரு துணிப்பை. வலது மணிக்கட்டில் நீளமாக ஒரு தையல் தழும்பு, மணிக்கட்டு வீங்கியிருந்தது. எங்கள் கடிதத்தை எடுத்து அக்காவின் மேஜையில் வைத்தார்.

“இதை எழுதினது யாரும்மா? எவ்வளவு இறுக்கணும்னு கொஞ்சம் காட்டித் தர முடியுமா?”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த அம்மா நடந்ததைச் சொன்னார். பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டதாம். கட்டுப் பிரித்த பிறகு மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூட விரல் வளையவில்லை. பின்னுங்கள், விரல்கள் பழைய நிலைக்கு வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் புத்தகத்தை வாங்கி ஆரம்பித்திருக்கிறார். நான்கு முறை பின்னி நான்கு முறை பிரித்தாயிற்று.

“முன்னாடியெல்லாம் நான் நல்லாப் பின்னுவேன்மா. இப்போ இவ்வளவு அகலமா வருதேன்னு பார்த்தப்போ, சரி, கை போச்சுன்னு நினைச்சேன். உங்க கடிதமும் அதையே சொல்லிடுச்சு. இறுக்கிப் பின்னினேன். எட்டு வரவே இல்ல. கைதான் வீங்கிடுச்சு.”

பையிலிருந்து நூலை எடுத்தார். நான்கு முறை பிரித்ததில் நூல் முழுக்கச் சுருள் விழுந்து உயிரற்றுக் கிடந்தது. கூடவே, இறுக்க ஆரம்பிக்கும் முன் பின்னிய துண்டு ஒன்றும் இருந்தது. அக்கா அளவுகோலை எடுத்து அதன்மேல் வைத்தார். ஒரு தடவை எண்ணினார். கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி எண்ணினார். தன் கோப்பைத் திறந்து, அதே நூலில் தான் பின்னிய சதுரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“இது என் கை. இது உங்க கை. ரெண்டுலயும் ஆறு. வரிசை பாருங்க, ஒரு கண்ணி பெருசு ஒரு கண்ணி சிறுசுன்னு இல்ல. உங்களோடது என்னோடதைவிடச் சீரா இருக்கு. உங்க கையில ஒரு குறையும் இல்லம்மா.”

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு துண்டையும் தடவிப் பார்த்தார். பிறகு கடிதத்தில் விரலை வைத்தார்.

“அப்போ எதுக்கு இப்படி எழுதினீங்க?”

மேலாளர் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்தார். “அது வந்து, பொதுவா எல்லாருக்கும் அனுப்பற ஒரு...” என்று இழுத்தார்.

“பொய் எழுதினோம்” என்றார் அக்கா. “நூல் தப்புன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சே அச்சடிச்சோம். நீங்க கேட்டதும் உங்க கைமேல பழியைப் போட்டோம்.”

“மேடம், வெளியாள் முன்னாடி...”

“வெளியாள்கிட்டதானே சார் பொய் சொன்னோம்? உண்மையையும் அவங்ககிட்டதான் சொல்லணும்.”

அந்த அம்மா எழுந்தார். மேலாளரை மேலும் கீழும் பார்த்தார். “எங்க கடையில நான் ஒரு மாத்திரைக்குப் பதிலா வேற மாத்திரையைக் கொடுத்துட்டு, நோயாளி உடம்புதான் சரியில்லைன்னு சொன்னா என்னை என்ன செய்வாங்க தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. அக்கா வாசல்வரை போய், அவருடைய முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

வந்தவர் தன் இடத்தில் உட்காரவில்லை. நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. முதலாளியம்மா கெட்டவர் இல்லை. நடந்ததைக் கேட்டு உச்சுக் கொட்டினார். அடுத்த பதிப்பில் ஒரு குறிப்பு சேர்த்துவிடலாம் என்றார். பின்னாலேயே வந்திருந்த மேலாளர் உடனே ஒரு வாக்கியம் சொன்னார்: ‘சில வாசகர்களின் வசதியைக் கருதி நூல் விவரங்கள் மேம்படுத்தப்பட்டுள்ளன.’

“வசதியா?” என்றார் அக்கா. “கை வீங்கிப் போய் வந்தாங்களே, அது வசதியா? அடுத்த பதிப்பு வாங்கறவங்களுக்குச் சொல்றீங்க. ஏமாந்த நாற்பத்துமூணு பேருக்கு யார் சொல்றது?”

“உங்களுக்கு என்னதான் வேணும்? புத்தகத்துல உங்க பேரைப் போடணுமா?” முதலாளியம்மா நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார்.

அக்கா மேஜைக்கு அருகில் போனார். “பதினெட்டு வருஷமா இங்க வேலை பார்க்கறேன். ஒரு நாளாவது பேரைப் போடுங்கன்னு கேட்டிருக்கேனா? தப்பு எங்களோடது, உங்க கையில இல்லன்னு அந்த நாற்பத்துமூணு பேருக்கு ஒரு வரி எழுதுங்கம்மா. அதுதான் வேணும்.”

“பார்க்கலாம்” என்றார் முதலாளியம்மா. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை அக்கா ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை. நானே அந்த நாற்பத்துமூன்று முகவரிகளையும், யார் எந்த ஸ்வெட்டர் என்ற விவரத்தோடு, அச்செடுத்து, மடித்து, அவர் பைக்குள் வைத்தேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எழுதினார். கையெழுத்தில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. அவரவர் எந்த ஸ்வெட்டரைப் பின்னினார்களோ அதன் கண்ணிகளை ஆறுக்குத் தகுந்தபடி மாற்றிப் போட்டார். நூற்று முப்பத்தாறு இருந்த இடத்தில் நூற்றிரண்டு. அக்குளில் எத்தனை குறைக்க வேண்டும், கழுத்துக்கு எத்தனை விட வேண்டும், கட்டம் கட்டமாக வருகிற டிசைனில் கண்ணிகள் சரியாக வகுபடுமா என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து வகுத்துக் கொடுத்தாளாம். கணவர் தபால்தலை ஒட்டினார். எல்லாக் கடிதத்திலும் முதல் வரி ஒன்றே: ‘தவறு புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. முன்பு வந்த கடிதம் உண்மையல்ல.’ கீழே தன் பெயர், தன் வீட்டு முகவரி.

விடுப்பு முடிந்து வந்த இரண்டாம் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. யாரோ ஒருவர் நன்றி சொல்லி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். மேலாளர் குதித்தார். அலுவலக முகவரிகளைத் திருடியதாகச் சொன்னார். நான் எழுந்து, “நான்தான் சார் கொடுத்தேன்” என்றேன். “உன்னை அப்புறம் பார்த்துக்கறேன்” என்றார். என்னைப் பார்த்துக்கொள்ள அவருக்கு நேரம் வரவில்லை. அக்காவைப் புத்தகப் பிரிவிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் விண்ணப்பப் படிவங்கள் அச்சிடும் பிரிவில் போட்டார்கள். பெயர், வயது, முகவரி, புள்ளிக்கோடு. திருத்துவதற்கு அங்கே என்ன இருக்கிறது? பதினெட்டு வருடம் பழகிய கண்ணை அந்தப் புள்ளிக்கோடுகளுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

திருப்பம் நாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒரு நாள் காலை, நூல் வியாபாரி வந்து இறங்கினார். யார் கோபித்துக்கொள்வார் என்று அத்தனை நாளும் எங்களைப் பயமுறுத்தினார்களோ, அவர். கோபமாகத்தான் வந்தார். அவர் கடைகளில் வாங்கிய நூலைச் சிலர் திருப்பிக் கொண்டுவந்து, நூல் சரியில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

“என் நூல்ல என்ன குறை? ஆறு கண்ணி விழற நூலை எட்டுன்னு போட்டது யாரு? பின்னிப் பார்க்காமலா புத்தகம் போட்டீங்க?”

“அங்குலத்துக்கு எட்டுன்னு திருத்தம் போட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு...” என்றார் மேலாளர்.

“எனக்கு என்னய்யா சங்கடம்? எட்டு விழற மெல்லிசு நூலும் என் கடையில இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அதைச் சொல்லியிருப்பேன்.”

ஒரு வார்த்தை. ஒரு தொலைபேசி அழைப்பு. அது நடந்திருந்தால் நாற்பத்துமூன்று வீடுகளில் அத்தனை மாத உழைப்பைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டாம். அன்று முதல்முறையாக முதலாளியம்மாவும் குரலை உயர்த்தினார். மேலாளர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் பதிப்பு வந்தது. ஒவ்வொரு குறிப்பிலும் எட்டுக் கண்ணி நூல் எது என்று தனியாகப் போட்டோம். முதல் பக்கத்தில், ‘முதற்பதிப்பில் நூல் விவரம் தவறாக அச்சானது. பிழை எங்களுடையது’ என்று இரண்டு வாக்கியம். அக்கா கீழ்த்தளத்திலிருந்து அனுப்பிய வாக்கியங்கள்தான். முதலாளியம்மா அதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நாற்பத்துமூன்று பேருக்கும் பதிப்பகத்தின் பெயரில், அவர் கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதமும் போனது. அதைக் கேட்டு வாங்கும்வரை அக்கா மேலே வர மறுத்துவிட்டார். கூப்பிட்ட முதல் தடவையே ஓடி வருவார் என்று நினைத்தவர்கள் மூன்று வாரம் காத்திருந்தார்கள்.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. புத்தக விற்பனையாளர்கள் கூட்டம் ஒன்றில் மேலாளர் மேடையேறி, ‘வாசகர் குரலுக்குச் செவிசாய்த்த பதிப்பகம்’ என்று இதே கதையைப் பேசிக் கைதட்டல் வாங்கினார். அக்காவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நான் பின்வரிசையில் இருந்தேன். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னபோது, “செவி அவருதா?” என்று கேட்டுவிட்டு, படித்துக்கொண்டிருந்த பக்கத்தைத் திருப்பினார்.

மருந்துக்கடை அம்மாவின் கை மெல்லத் தேறியது. அக்கா போட்டுக் கொடுத்த நூற்றிரண்டு கண்ணியில், அதே ரகப் புது நூலில், இறுக்காமல் பின்னினார். அடர்நீல ஸ்வெட்டர். கடையில் அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறார். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் டக் டக்கென்று வெட்டிக் கொடுக்கிறார். அக்காவும் அவரும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுகிறார்களாம். எதைப் பற்றி என்று கேட்டேன். “பாதி நேரம் உங்க மேலாளரைத் திட்டுவோம்” என்றார் அக்கா.

போன மாதம் மேலாளர் அடுத்த புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். குழந்தைகளுக்கு வீட்டிலேயே சட்டை தைப்பது பற்றியது. இதுவும் பழைய புத்தகம். துணிகள், அளவுகள் எல்லாம் பழையவை. கட்டை அக்காவின் மேஜையில் வைத்தார். அக்கா அதைப் பிரிக்கவில்லை.

“தைச்சுப் பார்த்தீங்களா சார்?”

“இன்னும் இல்ல மேடம். முதல்ல நீங்க எழுத்துப் பிழை...”

அக்கா கட்டைத் தூக்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. ஒன்பது நாள் அந்தக் கட்டு மேலாளரின் மேஜையில் கிடந்தது. பத்தாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஒரு தையல்காரரைத் தேடிப் போனார்.